கறுத்த மாவும் கன்னியம்மாவின் கையும்

இரண்டு துணிப்பைகளில் கோதுமையும் ஒரு தூக்குச்சட்டியில் கறுத்துப்போன சப்பாத்தி மாவும் எடுத்துக்கொண்டு நான் பெங்களூருக்குப் புறப்பட்டேன். ஊர் பார்க்கப் போகிறவன் கட்டிக்கொள்ளும் மூட்டை இல்லை அது. ராணிப்பேட்டையில் ஒரு தொழிற்சாலைக் கேண்டீனில் இருபத்திரண்டு வருஷமாக நான் சப்பாத்தி மாஸ்டர். படித்தது ஐந்தாம் வகுப்பு. அதற்கு முன் மாநிலம் தாண்டிப் போனது திருப்பதிக்கு மட்டும்தான்.

எங்கள் கேண்டீனில் காலை பத்து மணிக்கு மாவு பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடி வைத்து, மாலை ஷிப்டுக்கு நாலரை மணிக்குச் சுட ஆரம்பிப்போம். அப்படி ஊறினால்தான் ஆறிப்போன சப்பாத்தியும் மெத்தென்று இருக்கும். போன கோடையில் அந்த மாவு திடீரென்று கறுக்க ஆரம்பித்தது. பத்து மணிக்குச் சந்தன நிறத்தில் மூடி வைத்தது, நாலு மணிக்குத் துணியை விலக்கினால் சேற்று நிறம். உப்பை மாற்றினோம். தண்ணீர்த் தொட்டியைத் தேய்த்துக் கழுவினோம். அலுமினிய அன்னக்கூடையை எடுத்துவிட்டு எவர்சில்வர் வாங்கினோம். எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்த பிறகு ஆளை மாற்றினோம்.

மாவு பிசைந்துகொண்டிருந்தவள் கன்னியம்மா. காலனியிலிருந்து வருகிறவள். பதினோரு வருஷமாக அவள் பிசைந்த மாவைத்தான் ஷிப்டு ஷிப்டாகத் தின்றார்கள். மாவு கறுத்த பிறகுதான் அவள் எங்கிருந்து வருகிறாள் என்பது எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. "மாவப் பாக்காதடா, பிசைஞ்ச கையப் பாரு" என்று வரிசையில் நின்றவர்கள் அவள் காதில் விழும்படியே சொன்னார்கள். கேண்டீனைக் கான்ட்ராக்ட் எடுத்திருந்த எங்கள் முதலாளி அவளை நிறுத்திவிட்டார். அந்த வாரமே கோதுமை லோடு மாறியது. மாவு கறுக்கவில்லை. "பாத்தியா?" என்றார்கள்.

ஆறு மாதம் கழித்துப் பழைய மண்டியிலிருந்து மறுபடி அந்தக் கோதுமை வந்தது. மாவு மறுபடி கறுத்தது. இப்போது பிசைந்தவன் நான். என் கையை யாரும் பார்க்கவில்லை. கோதுமையைப் பார்த்தார்கள். மண்டிக்காரர் தன் சரக்கில் குறையே இல்லை என்று சாதித்தார். பெங்களூரில் கோதுமையை ஆராய்கிற இடம் ஒன்று இருக்கிறது, போய்ச் சோதித்து எழுத்தில் வாங்கி வா என்று முதலாளி என்னை அனுப்பினார். கன்னியம்மாவைப் பற்றி நான் தயங்கித் தயங்கி ஆரம்பித்தபோது, "அப்ப கை. இப்பக் கோதுமை. ரெண்டையும் போட்டுக் கொழப்பாதே" என்று முடித்துவிட்டார்.

கன்னியம்மா பெங்களூரிலேயே ஜோகுபாளையத்தில் அண்ணன் வீட்டோடு இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். முத்திரை வைத்த காகிதம் ஒன்று கிடைத்தால் அவளுடைய வேலை திரும்பக் கிடைக்கும் என்று எனக்கு ஒரு நினைப்பு. காகிதம் எனக்காகப் பேசும் என்று நம்பினேன். நான் பேசுகிற ஆள் இல்லை.

பஸ்ஸில் ஏறும்போது என் மனைவி சொல்லியனுப்பியது ஒன்றே ஒன்றுதான்: அங்கே போய்த் தமிழில் பேசாதே. காவிரிக் கலவரம் முடிந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தாலும் எங்கள் பக்கத்தில் அந்தப் பயம் போகவில்லை. எனக்கு அந்தப் புத்திமதி தேவையே இல்லை. நான் ராணிப்பேட்டையிலேயே யாரிடமும் பேசுவதில்லை.

ஓசூர் தாண்டியதும் காற்று குளிர்ந்தது. எங்கள் ஊரில் அந்த மாதத்திலும் தோல் கிடங்கு நாற்றத்தோடு புழுங்கும். இங்கே ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் ஸ்வெட்டரை எடுத்து மாட்டினார்கள். தூக்குச்சட்டியை மடியில் வைத்திருந்தேன். பக்கத்தில் இருந்த பெரியவர் வாசம் பிடித்துப் பார்த்துவிட்டு, "இன்னா, கெட்டுப்போன சோறா?" என்று கேட்டார். மாவு என்று சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். அவர் நகர்ந்து உட்கார்ந்தார்.

என் மனைவியின் தம்பி மூர்த்தி பீன்யாவில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டுகிறான். நான்கு பேர் தங்கியிருக்கும் ஓர் அறை. நால்வரும் வெவ்வேறு ஷிப்டில் இருப்பதால் ஒரு பாய் எப்போதும் காலியாக இருக்கும். "மாமா, ஒங்க கல்யாணத்துல ஐயர் பேரு கேட்டதுக்கே எங்கக்காதான் பதில் சொல்லிச்சு. நீங்க எப்டி சயின்டிஸ்ட்டுகிட்ட பேசப் போறீங்க?" என்றான். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

சாப்பிட அழைத்துப் போனான். மேசை நாற்காலி கிடையாது, எல்லோரும் நின்றுகொண்டே தின்கிறார்கள். எங்கள் கேண்டீனில் ஷிப்டுக்கு ஓடுகிறவன்கூட உட்கார்ந்துதான் சாப்பிடுவான். தட்டளவு அகலத்தில் ஒரு இட்லி வந்தது. சாம்பாரில் வெல்லம். இரண்டாவது வாய்க்கு மேல் இறங்கவில்லை. சப்பாத்தி வாங்கிப் பிய்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நல்ல நிறம். எந்தக் கோதுமை, எத்தனை மணிக்குப் பிசைந்தது என்று கல்லில் நின்றவரைக் கேட்க ஆசை. இரண்டு முறை பக்கத்தில் போய்விட்டுத் திரும்பிவிட்டேன்.

மறுநாள் காலை ஆராய்ச்சி நிலையத்துக்குத் தனியாகப் போனேன். மூர்த்தி பஸ் நம்பரை என் உள்ளங்கையில் பேனாவால் எழுதிவிட்டான். கண்டக்டர் கன்னடத்தில் எங்கே என்று கேட்டார். உள்ளங்கையைக் காட்டினேன். "அது இந்த பஸ்ஸோட நம்பர். நான் கேட்டது நீ இறங்குற இடம்" என்பதுபோல ஏதோ சொன்னார். பஸ்ஸே சிரித்தது. எனக்கு இடத்தின் பெயர் தெரியும். வாய் வரவில்லை. இறங்க வேண்டிய நிறுத்தம் என் கண்ணெதிரே போயிற்று.

பதறி எழுந்தபோதுதான் டிரைவர் பிரேக்கை அழுத்தினார். நான் கம்பியில் போய் மோதினேன். இரண்டு பைகளும் கைநழுவி வாய் திறந்துகொண்டன. கறுக்காத லோடுக்கு வெள்ளைக் கயிறும் கறுக்கிற லோடுக்குச் சிவப்புக் கயிறும் கட்டியிருந்தேன். இரண்டு கோதுமையும் பஸ்ஸின் தரை முழுக்க ஓடின. பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரி. எது எதுவென்று இனிமேல் யாராலும் சொல்ல முடியாது.

பூக்கூடையோடு நின்ற ஓர் அம்மா கன்னடத்தில் அதட்டினாள். "மிதிக்காதீங்க, சோறு அது, சோறு!" என்று அவள் சொன்னது மொழி தெரியாத எனக்கே புரிந்தது. நாலைந்து பேர் குனிந்து அள்ளினார்கள். கண்டக்டரும் ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டார். பின்னாலிருந்து ஒரு குரல், "தமிழா? வாயத் தொறந்து எடத்தச் சொல்லியிருந்தா இவ்ளோ ஆயிருக்காதேப்பா. யாரும் கடிக்க மாட்டாங்க" என்றது. எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு நீட்டினார்கள். நன்றி சொல்லவும் எனக்கு வரவில்லை. இறங்கி வந்த வழியே இரண்டு மைல் நடந்தேன்.

ஆராய்ச்சி நிலையத்தில் நான் பார்க்க வேண்டியவர் ஷைலஜா மேடம் என்று முதலாளி சொல்லியிருந்தார். முப்பது வயசுகூட இருக்காது. தாத்தா காலத்திலேயே திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்துவிட்ட குடும்பம். தமிழ் பேசும்போதே கன்னடம் நுழையும். கதவோரத்தில் நின்ற என்னைப் பார்த்து, "ஸ்வல்ப உள்ள வாங்க மாஸ்டர். கோதுமை எங்க?" என்றார்.

"ரெண்டும் கலந்துபோச்சுங்க" என்றேன். அந்த ஊரில் நான் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான். அழுதுவிடுவேன் போலிருந்தது.

அவர் பையில் கைவிட்டு அளைந்தார். "பரவால்ல விடுங்க. நாங்க இத அரைச்சுப் பாக்கப் போறதில்ல. ஒவ்வொரு மணியும் தனியா பேசும்." நஞ்சப்பா என்ற அட்டெண்டரைக் கூப்பிட்டு நூறு மணி எண்ணித் தண்ணீரில் ஊறப் போடச் சொன்னார். மறுநாள் காலைவரை ஊற வேண்டுமாம். தூக்குச்சட்டியைத் திறந்து பார்த்தார், மூக்கைச் சுளிக்கவில்லை. "ஏ க்ளாஸ் கறுப்பு" என்று சிரித்தார்.

பிறகு ஒரு நோட்டை எடுத்துக் கேள்வி கேட்டார். எத்தனை மணிக்குப் பிசைகிறீர்கள், சுடு தண்ணீரா பச்சைத் தண்ணீரா என்றெல்லாம் கேட்டு எழுதினார். நான் கன்னியம்மாவைப் பற்றிச் சொன்னேன். வேலை போனதைச் சொன்னேன். அவர் பேனாவை நிறுத்திவிட்டுக் கேட்டார்:

"போன கோடையிலயும் இதே கோதுமைதான். சரி. அப்ப யாரு பிசைஞ்சாலும் கறுத்துச்சா, இல்ல அந்தம்மா பிசைஞ்சது மட்டுமா?"

"அந்தம்மா பிசைஞ்சது மட்டும்தாங்க" என்றேன்.

அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

அது பொய். என்ன நடந்தது என்று இங்கேயாவது எழுதிவிடுகிறேன். கன்னியம்மாவை நிறுத்துவதற்கு முந்திய நாள் முதலாளி ஒரு சோதனை வைத்தார். ஒரே மூட்டை மாவு, இரண்டு அன்னக்கூடை. ஒன்றை அவள் பிசைய வேண்டும், ஒன்றை நான். நாலு மணிக்கு வந்து பார்ப்பேன் என்று வீட்டுக்குச் சாப்பிடப் போனார். கன்னியம்மா பின்கட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். மூன்று மணிக்கு நான் இரண்டு துணியையும் தூக்கிப் பார்த்தேன். இரண்டும் கறுத்திருந்தன. அவளுடையது எவ்வளவோ என்னுடையதும் அவ்வளவு.

என் கையையும் இப்படித்தான் பேசுவார்கள் என்று நினைத்தேன். இருபத்திரண்டு வருஷ வேலை. என் மாவை வாரிக் கழுநீர்த் தொட்டியில் போட்டேன். புதிதாகப் பிசைந்து அதே துணியால் மூடினேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. நாலு மணிக்கு முதலாளி துணியை விலக்கினார். அவள் மாவு சேறு, என் மாவு சந்தனம். கன்னியம்மா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குப் பேச்சு வராது என்பது ஊருக்கே தெரியும். அன்றைக்கு அது எனக்கு வசதியாக இருந்தது.

மூன்றாம் நாள் போனபோது நஞ்சப்பா ஊறிய கோதுமையை வடித்து, வட்டமான கண்ணாடித் தட்டில் காகிதம் விரித்துப் பரப்பிக்கொண்டிருந்தார். ஒரு பாட்டிலிலிருந்து மருந்தை அளந்து ஊற்றினார். ஆஸ்பத்திரித் தரை கழுவுகிற வாசனை. நாலு மணி நேரம் ஆகும், போய்ச் சாப்பிட்டு வா என்று சைகை காட்டினார். எனக்குப் பசி இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்து தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேசை முழுக்க அதுபோலத் தட்டுகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு நம்பர். சில தட்டுகளில் எல்லா மணியும் கறுப்பு. சிலவற்றில் எல்லாம் வெளுப்பு. சிலவற்றில் இரண்டுக்கும் நடுவான பழுப்பு. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு ஷைலஜா மேடம் பக்கத்தில் வந்தார்.

"ஒவ்வொரு தட்டும் ஒரு செடி. கறுக்குற ரகத்தையும் கறுக்காத ரகத்தையும் கலப்பு பண்ணி, பேரன் பேத்தி வரைக்கும் வளர்த்துப் பாக்கறோம். யாருக்கு எவ்ளோ போய்ச் சேந்திருக்குன்னு. மணியோட தோலு அம்மா செடியோட உடம்பு தானே, அதனால ஒரே செடியில வந்ததெல்லாம் ஒரே மாதிரி கறுக்கும்."

"மருந்துதான் கறுக்க வைக்குதுங்களா?" என்று கேட்டேன்.

"மருந்து இல்ல. தோலுல ஒரு என்சைம் இருக்கு. அது ஒரு வேலைக்காரன்னு வெச்சுக்கோங்க. தண்ணியும் காத்தும் பட்டா வேலையில எறங்கிடுவான். சில ரகத்துல நெறைய இருப்பான், சிலதுல இருக்கறதே தெரியாது. மருந்து அவன் எங்க இருக்கான்னு காட்டிக் குடுக்கும், அவ்ளோதான்." யோசித்துவிட்டு, "வீட்ல வாழக்கா நறுக்கினா என்ன ஆகும்?" என்றார்.

"கறுக்குங்க. அதுக்குத்தான் மோர்த் தண்ணியில போடுவோம்."

"அதே சமாச்சாரம்தான்."

எனக்குச் சுருக்கென்றது. வாழைக்காய் கறுத்தால் நறுக்கியவள் கையை நாங்கள் ஒருநாளும் பார்த்ததில்லை. காய் அப்படி என்று விட்டுவிடுவோம். இருபத்திரண்டு வருஷமாக மோர்த் தண்ணீரில் வாழைக்காய் போட்டவனுக்கு மாவு கறுத்தபோது அது தோன்றவில்லை.

"ரகம் உண்டாக்கினவங்க இத ஏங்க பாக்கல?"

"மகசூல் பாத்தாங்க. துரு நோய் தாங்குதான்னு பாத்தாங்க. ஆறு மணி நேரம் மூடி வெச்ச மாவு என்ன கலர்னு அப்ப யாரு பாத்தா? மைதாவா அரைச்சா தவிடு போயிடும், தெரியாது. சப்பாத்திக்குத் தவிடோட அரைக்கறீங்க, அதான் மாட்டிக்கிச்சு."

மதியத்துக்குள் என் தட்டு மாற ஆரம்பித்தது. முதலில் ஒரு மணி, அப்புறம் அங்கொன்றும் இங்கொன்றுமாக. நாலு மணி நேரம் முடிந்தபோது ஏறக்குறையப் பாதி மணிகள் கரியாகியிருந்தன. மீதிப் பாதி, கறுத்ததை ஒட்டிக்கொண்டே, வந்த நிறத்திலேயே கிடந்தன. ஒரே தட்டு, ஒரே தண்ணீர், ஊற்றியது ஒரே கை.

நஞ்சப்பா எட்டிப் பார்த்துக் கன்னடத்தில் ஏதோ சொன்னார். மேடம் சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தார்: "இத்தனை வருஷத்துல ஒரே தட்டுல ரெண்டு சாதியும் கலந்து வெச்சு இன்னிக்குத்தான் பாக்கறேங்கறார்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோதுமைக்குப் பிறப்பிலேயே இருந்ததை நாங்கள் ஒரு பொம்பளையின் கையில் தேடியிருக்கிறோம். அவள் பிறப்பையும் சேர்த்துப் பேசியிருக்கிறோம்.

"மேடம், காகிதத்துல ஒரு வரி சேக்கணும்ங்க. போன கோடையில கறுத்ததுக்கும் அந்தம்மா கைக்கும் சம்பந்தம் இல்லன்னு."

அவர் நோட்டைத் திருப்பினார். "கோதுமையப் பத்தி நான் எழுதலாம். கைய நான் டெஸ்ட் பண்ணலையே மாஸ்டர். அதோட நேத்து நீங்களே சொல்லியிருக்கீங்க, அந்தம்மா பிசைஞ்சது மட்டும்தான் கறுத்துச்சுன்னு. இத வெச்சுக்கிட்டு நான் எப்டி எழுதறது?"

என் வாக்கியம் அவர் கையெழுத்தில் இங்கிலீஷில் இருந்தது. எனக்கு அது படிக்கத் தெரியாது. ஆனாலும் எந்த வரி என்று தெரிந்தது. அவர் விரல் அதன்மேல் இருந்தது.

"அது பொய்ங்க" என்றேன். கழுநீர்த் தொட்டியைச் சொன்னேன். கால் மணி நேரத்தைச் சொன்னேன். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னதால் அவர் முகம் எப்படி இருந்தது என்று தெரியவில்லை. பேனா கோடு இழுக்கிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "பேரு முழுசா சொல்லுங்க" என்றார்.

"வேலாயுதம்."

"மாஸ்டர் வேலாயுதம் அன்னிக்குப் பிசைஞ்ச மாவும் அதே அளவு கறுத்ததா அவரே சொன்னார்னு எழுதறேன். அவ்ளோதான் என்னால முடியும்." அதற்கு மேல் அவர் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் வரை என்னை மாஸ்டர் என்று கூப்பிடவும் இல்லை.

நாலாம் நாள் காலை காகிதம் கிடைத்தது. கீழே முத்திரை. தட்டில் இருந்த மணிகளைக் கழுவி உலர்த்தித் தரச் சொல்லி நஞ்சப்பாவிடம் கையால் கேட்டேன். ஒரு பொட்டலம் மடித்துக் கொடுத்தார்.

ஜோகுபாளையத்துக்கு ஆட்டோ பிடித்தேன். இந்தமுறை இடத்தின் பெயரை ஏறும்போதே சத்தமாகச் சொன்னேன். "அதுக்கு ஏம்பா கத்துற?" என்றார் டிரைவர், நல்ல தமிழில். ஓல்டு மெட்ராஸ் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பியதும் பேச்செல்லாம் எங்கள் ஊர்ப் பேச்சு. குழாயடியில் இரண்டு பெண்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். வேலூரில் இறங்கிவிட்டேனோ என்று இருந்தது. ஒரு பெண் சண்டையை நிறுத்தி வழி சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

கன்னியம்மா வாசலில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். தொம்மலூரில் ஒரு ஆபீஸ் கூட்டித் துடைத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். "வா மாஸ்டரே. வழி தெரிஞ்சு வந்துட்டியே" என்றாள். உள்ளே பார்த்து, "அண்ணி, காப்பி வையேன்" என்றாள்.

அவள் அண்ணி உள்ளே சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அங்கிருந்தே குரல் கொடுத்தாள். "மாஸ்டரா நீ? நல்லா கேளு இவள. வந்ததுலேர்ந்து மாவுல கை வெக்க மாட்டன்றா. எம் புள்ளைங்க சப்பாத்திக்கு அழுதாலும் நானே வந்து பிசையணும். சுண்ணாம்புன்றா, எலுமிச்சங்காயின்றா, எந்நேரமும் கைய தேச்சிகினே கீறா. தோலு உரிஞ்சி ஆபீஸ்ல பினாயில் பட்டா துடிக்கிறா."

நான் அவள் கைகளைப் பார்த்தேன். உள்ளங்கை முழுக்க வெடிப்பு.

பொட்டலத்தைப் பிரித்து அவள் முன்னால் வைத்தேன். கறுப்பும் வெளுப்புமாகக் கோதுமை. மணியைப் பற்றி, தோலைப் பற்றி, வேலைக்காரனைப் பற்றி எனக்குப் புரிந்தவரை சொன்னேன். வாழைக்காயையும் சொன்னேன். அவள் விரல் நுனியால் மணிகளைப் பிரித்தாள்.

"ஒரே தண்ணியா?"

"ஒரே தண்ணி."

"ஊத்துனது யாரு?"

"அங்க ஒரு ஆளு."

"அந்த ஆளு கைய யாரும் பாக்கலியா?"

காகிதத்தை நீட்டினேன். "உன் கை இல்ல கன்னியம்மா. இதுல எழுதியிருக்கு. நான் பிசைஞ்ச மாவும் அன்னிக்குக் கறுத்துச்சுன்னு எழுதியிருக்கு."

அவள் காகிதத்தை வாங்கவில்லை. "உன் மாவு வெளுப்பா இல்ல இருந்துச்சு? ரெண்டு கண்ணால பாத்தேனே."

"அது புதுசு."

"இன்னா புதுசு?"

"மூணு மணிக்குப் பிசைஞ்சது. மொதல்ல பிசைஞ்சத தொட்டியில போட்டுட்டேன்."

உள்ளே மாவு பிசைகிற சத்தம் நின்றுவிட்டது. கன்னியம்மா அவரைக்காய் முறத்தைக் கீழே வைத்தாள். அழுவாள் என்று நினைத்தேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் சாதாரணமாகத்தான் பேசினாள்.

"என் கையின்னே நானும் நம்பிட்டேன் மாஸ்டரே. பதினோரு வருசம் இல்லாதது இப்ப எப்டி வந்துச்சுன்னு ராவும் பகலும் யோசிச்சேன். உடம்புல ஏதோ சீக்குன்னு ஆஸ்பத்திரிக்குக்கூடப் போனேன்." காகிதத்தைக் கையால் காட்டினாள். "இத எழுதி வாங்கறதுக்கு பெங்களூர் வரைக்கும் வந்தியா? அடுப்புக்கும் தொட்டிக்கும் நாலடி. அங்கயே வாயத் தொறந்திருந்தா முடிஞ்சுது."

"உன் வேலைய வாங்கித் தர்றேன்."

"மொதலாளிகிட்ட வாயால சொல்லு. கடுதாசிய நீட்டிட்டு நிக்காத."

அண்ணி காப்பி கொண்டுவந்து என் பக்கத்தில் வைக்காமல் படியில் வைத்துவிட்டுப் போனாள். குடிக்காமல் எழுந்தேன். தெருமுனையில் திரும்பிப் பார்த்தபோது கன்னியம்மா வாசலில் இல்லை. பொட்டலத்தையும் காணவில்லை. எடுத்து வைத்துக்கொண்டாளா, வீசிவிட்டாளா தெரியாது.

திரும்பி வரும் பஸ்ஸில் முதலாளியிடம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். ஓசூர் வருவதற்குள் மனப்பாடம் ஆகிவிட்டது. கிருஷ்ணகிரியில் மறந்தது. ஆம்பூரில் மறுபடி வந்தது. அவர் என்னை வேலையை விட்டு நிறுத்தினாலும் சரி என்ற முடிவுக்கு வாலாஜாவில் வந்தேன். அந்த முடிவு எனக்கே பெருமையாக இருந்தது.

மறுநாள் முதலாளி காகிதத்தை இரண்டு முறை படித்தார். "பலே. மண்டிக்காரன் மூஞ்சில அடிக்கலாம் இத" என்றார். மடித்து மேசை டிராயரில் போடப்போனார்.

"கடைசி வரியப் பாருங்க மொதலாளி" என்றேன்.

"பாத்தேன்."

"அன்னிக்கு நான் பிசைஞ்ச மாவும் கறுத்துச்சுங்க. தொட்டியில போட்டுட்டு வேற பிசைஞ்சேன். கன்னியம்மா மேல தப்பு இல்ல. நான் செஞ்சது தப்பு." முழுவதையும் வாயால் சொன்னேன்.

அவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "எனக்கு அன்னிக்கே தெரியும்யா. கை கழுவப் போனப்ப தொட்டியில கெடந்த மாவப் பாத்தேன்."

"அப்புறம் ஏங்க அவள..."

"ஆளுங்க கத்தினு கெடந்தாங்க. யாரையாவது அனுப்பித்தான் ஆவணும். நீ இல்லன்னா கேண்டீன் ஓடாது. அவ இல்லன்னா ஓடும்." டிராயரை மூடினார். "வேணும்னா வரச் சொல்லு, பாத்திரம் கழுவட்டும். மாவு வேணாம். ஒரு தடவ பேசிட்டாங்க, இனிமே அவ கை பட்டா திங்க மாட்டாங்க. போ, மணி பத்தாவுது. புது லோடு வந்திருக்குது, பிசைஞ்சு வையி."

பாத்திரம் கழுவ வா என்று நான் கன்னியம்மாவுக்குச் சொல்லி அனுப்பவில்லை. வேறு எதுவும் சொல்லி அனுப்பவும் இல்லை.

பத்து மணிக்கு மாவு பிசைந்து ஈரத்துணி போட்டு மூடினேன். மூன்று மணிக்குத் தூக்கிப் பார்த்தேன். நாலு மணிக்கு மறுபடி தூக்கிப் பார்த்தேன். கறுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சந்தனம்போல இருந்தது.